பந்தி குலையாமல் வரி மடிக்க: தமிழ்க் கோப்பும் பைத்தானும்

கோவில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டறிக்கை, ஏட்டிலிருந்து கொப்பிக்கும் கொப்பியிலிருந்து கணினிக்கும் வந்த கூத்துப் பிரதி என்று மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தட்டச்சாகிக் கிடக்கும் தமிழ் ஏராளம். நாலைந்து பேர் கைபட்டு, வெவ்வேறு மென்பொருள்களில் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு வெறும் எழுத்துக் கோப்பாக வந்து சேரும்போது வரிகள் சீர்கெட்டுப் போயிருக்கும். ஒரு வரியில் இரண்டு சொல் இருக்கும், அடுத்தது திரையைத் தாண்டி ஓடும், பந்தி நடுவே வெற்று வரி விழுந்திருக்கும். கையால் திருத்தப் போனால் ஒரு மலருக்கே நாட்கணக்கு ஆகும். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஐம்பது அறுபது வரி எழுதினால் வேலை முடியும். ஆனால் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த கருவியை அப்படியே தமிழுக்குப் பூட்டினால் புள்ளி ஒரு வரியிலும் அதற்குரிய மெய் இன்னொரு வரியிலும் போய் நிற்கும். ஏன் அப்படி ஆகிறது, எப்படித் தவிர்ப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப் பெயரில் நாம் காணும் எழுத்து 8: கொ, க், க, ட், டி, ச், சோ, லை. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோட் கணக்கில் அது 15 குறியீடு, ஏனென்றால் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி. யூனிகோட்டைக் கோப்பில் சேமிக்கும் முறை யுடிஎஃப்-8, அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 45 பைட். சில கணினிகளிலிருந்து வரும் கோப்பில் ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் பிரிந்தே இருக்கும். அப்போது அதே பெயர் 17 குறியீடு, 51 பைட். ஆக, “வரிக்கு 60 எழுத்து” என்று நாம் சொன்னால், 60 எது என்பதைக் கருவி தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்கிறது.

லினக்ஸில் வரி மடிக்க உள்ள ஃபோல்ட் கட்டளையின் பழைய பதிப்புகள் பைட்டை எண்ணும். 80 பைட் ஆனதும் வெட்டும். 80 மூன்றால் வகுபடாத எண் என்பதால் ஓர் எழுத்தின் வயிற்றிலேயே கத்தி விழுந்து, வரி முடிவில் கேள்விக்குறி போட்ட வைரச் சின்னம் தெரியும். ‘வெற்றிடத்தில் மட்டும் வெட்டு’ என்ற தெரிவைக் கொடுத்தால் எழுத்து தப்பும், வரி குறுகிவிடும். பந்தியை ஒழுங்காக மடிக்கும் எஃப்எம்டி கட்டளையின் இயல்பு அகலம் 75. அதுவும் பைட்டாக எண்ணப்படும் கணினியில் “மட்டக்களப்பு வாவியின்” என்ற இரண்டு சொல்லோடு வரி முடிந்துவிடும்: 36 பைட், ஒரு வெற்றிடம், 24 பைட், அடுத்த சொல்லுக்கு இடமில்லை. ‘ஆக்’ என்ற நிரல்மொழியில் எழுதுபவர்கள் அதன் எந்த வகை என்று பார்க்க வேண்டும். உபுண்டு லினக்ஸில் இயல்பாக வரும் ‘மாக்’ பைட்டை எண்ணும், ‘ஜிஆக்’ யுடிஎஃப்-8 சூழலில் குறியீட்டை எண்ணும். பேர்ள் மொழியில் உள்ளீட்டு, வெளியீட்டு வாசல்கள் இரண்டுக்கும் யுடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் அதுவும் பைட்டில்தான் போகும்.

பைத்தான் 3 குறியீட்டை எண்ணுகிறது. வரி மடிக்கும் அதன் டெக்ஸ்ட்ராப் தொகுதி 2003இல் வந்த பைத்தான் 2.3 முதல் கூடவே கிடைக்கிறது, தனியாக நிறுவத் தேவையில்லை. இயல்பு அகலம் 70. ‘ராப்’ என்று அழைத்தால் வரிகளின் பட்டியலைத் தரும், ‘ஃபில்’ என்றால் அவற்றை ஒட்டி ஒரே பந்தியாகத் தரும். ஆங்கிலத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. தமிழுக்கு இதன் இயல்பு அமைப்புகளில் இரண்டை உடனே அணைத்துவிட வேண்டும்.

ஒன்று ‘பிரேக் லாங் வேர்ட்ஸ்’. அகலத்தை மீறும் சொல்லை நடுவே வெட்டு என்பது இதன் பொருள், இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். “எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காகவும்” என்ற சொல்லில் காணும் எழுத்து 19 தான், குறியீடோ 33. அகலம் 30 என்று வைத்த குறுகிய பத்தியொன்றில் இந்தச் சொல் வரி தொடக்கத்தில் வந்தால், ‘வ’ வரைக்கும் ஒரு வரியில் நின்று, உகரக் குறியும் ‘ம்’ எழுத்தும் அடுத்த வரிக்குப் போகும். தாங்க மெய் இல்லாத அந்த உகரக் குறி புள்ளி வட்டத்தோடு தெரியும். இதை அணைத்துவிட்டால் நீளச் சொல் அகலத்தை மீறிக்கொண்டு நிற்கும். அது பரவாயில்லை. உடைந்த சொல்லைவிட நீண்ட வரி எவ்வளவோ மேல்.

மற்றது ‘பிரேக் ஆன் ஹைஃபன்ஸ்’. சிறுகோட்டில் வெட்டலாமா என்று பார்க்கும்போது கோட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு எழுத்து இருக்கிறதா என்று சோதிக்கிறது. பைத்தானின் வடிவத்தேடலுக்கு (ரெகெக்ஸ்) புள்ளியும் உயிர்க்குறியும் எழுத்துக் கணக்கில் சேராது. “தமிழ்” என்ற சொல்லைச் சொற்குறி வடிவத்தில் தேடச் சொன்னால் “தம”, “ழ” என்று இரண்டு துண்டாகத்தான் தரும். அதனால் “தமிழ்-சிங்கள” என்பதில் வெட்டாது, வேறெங்கோ உயிர்க்குறியே இல்லாத இரு சொல்லுக்கு நடுவே வெட்டும். ஒழுங்கில்லாத நடத்தை எதற்கு? அணைத்துவிடுங்கள். வாக்கிய முடிவில் இரண்டு இடைவெளி விடும் தெரிவும் உண்டு. அது ஆங்கிலச் சிறிய எழுத்தைத் தேடுவதால் தமிழில் வேலையே செய்யாது.

இந்த இரண்டையும் அணைத்தபின் கோப்பு பிழையின்றி மடியும். ஆனாலும் அகலம் இன்னும் குறியீட்டில்தான். புள்ளியும் உயிர்க்குறியும் அதிகம் உள்ள வரி கட்டையாகவும், அகரமேறிய மெய்கள் நிறைந்த வரி நீளமாகவும் வரும். டெக்ஸ்ட்ராப்பிடம் “நீளத்தை இப்படி அள” என்று சொல்ல வழி வைக்கப்படவில்லை. அதன் உள்ளுறுப்பை மாற்றி எழுதி ஏமாற்றலாம். நான் அதைச் சொல்லமாட்டேன். மடிக்கும் செயல்பாட்டைச் சொந்தமாக எழுதுவது அதைவிட எளிது.

அளவுச் செயல்பாடு இதுதான்: யூனிகோட்டேட்டா தொகுதியிடம் ஒவ்வொரு குறியீட்டின் வகையையும் கேளுங்கள். வகைப் பெயர் ‘எம்’ எழுத்தில் தொடங்கினால் அது சார்ந்து நிற்கும் குறி, எண்ண வேண்டாம். ‘சிஎஃப்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி, அதையும் விடுங்கள். மீதியை எண்ணினால் கண் காணும் எழுத்துக் கணக்கு கிடைக்கும். ‘எம்’ என்று மொத்தமாகப் பிடிப்பது முக்கியம். இகரக் குறி யூனிகோட்டில் ஒரு வகை, ஈகாரக் குறி இன்னொரு வகை. ஒன்றை மட்டும் விலக்கினால் ‘கி’ இரண்டாகவும் ‘கீ’ ஒன்றாகவும் எண்ணப்படும். ஆய்த எழுத்து குறி வகையில் இல்லை, தனி எழுத்தாகவே சேரும்.

பிறகு மடிப்பு. பந்தியைச் சொற்களாகப் பிரித்து, நடப்பு வரியின் அளவோடு ஒரு வெற்றிடமும் அடுத்த சொல்லின் அளவும் கூட்டி, அகலத்துக்குள் அடங்கினால் சேர்க்க வேண்டும், அடங்காவிட்டால் வரியை மூடிப் புது வரி தொடங்க வேண்டும். பத்து வரி நிரல். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அகலம் 30, குறியீட்டை எண்ணி மடித்தது:

மட்டக்களப்பு வாவியின் மேற்குக்
கரையைப் படுவான்கரை என்றும்
கிழக்குக் கரையை எழுவான்கரை
என்றும் சொல்வார்கள்.

அதே 30, காணும் எழுத்தை எண்ணி மடித்தது:

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை
என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும்
சொல்வார்கள்.

முதலாவதில் கண்ணுக்கு 18, 16, 16, 12 எழுத்துத்தான் வருகிறது, கேட்ட 30இல் பாதி. இரண்டாவதில் முதல் வரி சரியாக 30. ஆனால் கடைசியில் ஒற்றைச் சொல் தனித்து நிற்கிறது. இடத்தைப் பார்த்துப் பார்த்து நிரப்பும் முறையின் குணம் அது, முன்னுக்கு யோசிக்காது. டொனால்ட் நூத், மைக்கேல் பிளாஸ் இருவரும் 1981இல் எழுதிய ஆய்வுரை முழுப் பந்தியையும் ஒன்றாகப் பார்த்து வரி பிரிக்கும் வழியைச் சொன்னது. டெக் அச்சுக்கோப்பு மென்பொருள் அந்த வழியில்தான் இயங்குகிறது. அதன் எளிய வடிவம் நமக்குப் போதும்: ஒவ்வொரு வரியிலும் மிஞ்சும் இடத்தின் வர்க்கத்தைக் கூட்டு, கடைசி வரியைச் சேர்க்காதே, கடைசி வரி ஒற்றைச் சொல்லானால் 50 தண்டம் போடு, கூட்டுத்தொகை குறைந்த பிரிப்பை எடு. மேலே உள்ள பிரிப்புக்கு 0, 16, தண்டம் 50, ஆக 66. “கரையைப்” என்பதோடு முதல் வரியையும் “எழுவான்கரை” என்பதோடு இரண்டாம் வரியையும் முடித்தால் மிச்சம் 7, 2. வர்க்கம் 49, 4, ஆக 53. இது வெல்லும், “என்றும் சொல்வார்கள்.” சேர்ந்து கடைசி வரியாகும். கூட்டறிக்கைக்கு இவ்வளவு தேவையில்லை. மலரின் முகவுரைக்கும் நினைவுக் குறிப்புக்கும் செய்தால் பக்கமே களை கட்டும்.

எழுத்தெல்லாம் ஒரே அகலமா என்றால் இல்லை. ‘ர’ ஒல்லி, ‘ஞௌ’ மூன்று இடம் பிடிக்கும். அச்சுக்கு அளவு துல்லியமாக வேண்டுமானால் பில்லோ தொகுதியில் எழுத்துருவை ஏற்றி, சொல்லின் நீளத்தைப் படப்புள்ளியில் (பிக்சலில்) கேட்கலாம். அதற்கு ராக்ம் என்ற அமைப்புப் பொறி இயங்க வேண்டும். அது இல்லாமல் அளந்தால் கொம்பு மெய்க்குப் பின்னால் வரும், கணக்கும் தப்பும், படமும் தப்பும்.

இவ்வளவும் மடிப்பு. உண்மையில் நேரம் போவது அதற்கு முந்திய வேலையில்: ஏற்கெனவே உடைந்து கிடக்கும் வரிகளைப் பந்தியாக ஒட்டுவது.

ஒட்டுவதற்கும் முன்னால் குறியீடு ஒரே சீராக வேண்டும். நம் பக்கத்துப் பழைய கோப்புகள் பெரும்பாலும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினியில் புள்ளி என்பது ஆங்கில அரைப்புள்ளி விசை, கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும். மடித்துவிட்டு யூனிகோட்டுக்கு மாற்றினால் அளவு முழுக்க மாறும். இடையில் யாராவது சொல்லை வெட்டியிருந்தால் கொம்பு வரி முடிவில் அநாதையாக நிற்கும், மாற்றிக்கு அது எந்த மெய்க்குரியது என்று தெரியாது. ஆகவே எப்போதும் மாற்றம் முதலில். கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் சில விண்டோஸ் மென்பொருள்கள் கோப்பின் தலையில் ஒட்டும், யூனிகோட் எண் 65279 உள்ள குறி தானே உதிரும். அடுத்து என்எஃப்சி சீராக்கம் செய்தால் பிரிந்த கொம்பும் காலும் ஒன்றாகும். இணையத்திலிருந்து நகலெடுத்த பகுதியில் 8203 என்ற அகலமில்லாத வெற்றிடம் ஒளிந்திருக்கும், அதை அழிக்கலாம். 8204ஐத் தொடாதீர்கள். ‘க்’, ‘ஷ’ இரண்டும் ஒட்டாமல் நிற்க அது வேண்டும்.

சீராக்கத்தால் தீராத ஒரு பிழை உண்டு. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’ எழுத்தும் அடிப்பது. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோவில் பற்றிய கோப்புகளில் ‘திரெளபதி’ என்று பார்க்கலாம், கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றினால் ‘வெள்ளம்’ கெட்டுவிடும். திரௌபதி, பௌர்ணமி, பௌத்தம், கௌரவம், மௌலவி என்று சொற்பட்டியல் வைத்து மாற்றுவதுதான் பத்திரம்.

இனி ஒட்டுதல். ஆங்கிலத்தில் வரி முடிவில் சொல் உடைந்தால் சிறுகோடு இருக்கும். தமிழ் அச்சில் கோடு போடாமலே சொல்லை எங்கும் உடைப்பது நெடுங்கால வழக்கம். பழைய மலரை வருடி (ஸ்கேன் செய்து) எழுத்துணரி (ஓசிஆர்) மூலம் எடுத்த கோப்பில் ‘மட்டக்’ ஒரு வரியிலும் ‘களப்பு’ அடுத்த வரியிலும் இருக்கும். எல்லா வரி முடிவிலும் வெற்றிடம் வைத்து ஒட்டினால் ஊரே இரண்டாகும், வெற்றிடமின்றி ஒட்டினால் பந்தி முழுக்க ஒரே சொல்லாகும்.

இங்கே பள்ளியில் படித்த மொழிமுதல், மொழியிறுதி எழுத்து விதி கைகொடுக்கிறது. தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது. அடுத்த வரி ‘ட்’, ‘ன்’ போன்ற மெய்யில் தொடங்கினால் அது முந்திய வரியின் தொடர்ச்சி, ஒட்டலாம். ‘ஸ்’ விலக்கு, ஸ்தாபனமும் ஸ்ரீயும் உண்டு. ப்ரியா போன்ற பெயர்களைச் சிறு பட்டியலில் போடுங்கள். ‘ண’, ‘ன’ வரிசையில் தொடங்கினாலும் ஒட்டலாம். இலக்கணம் ‘ற’, ‘ழ’, ‘ள’ மூன்றையும் இதே பட்டியலில் வைக்கும். ஆனால் காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்துக் கோப்பில் அந்த விதியை ஓடவிடக் கூடாது. றிஸ்வான், றஹீம், றவூப் என்ற பெயர்களும் ளுஹர் தொழுகையும் பந்திக்குப் பந்தி வரும், அவற்றையெல்லாம் முன் சொல்லோடு ஒட்டிவிடும்.

வரி முடிவு ‘ட்’, ‘ற்’ என்றால் பெரும்பாலும் உடைந்த சொல். கிரிக்கெட், டிக்கெட் போன்றவை விலக்கு. ‘க்’, ‘ச்’, ‘த்’, ‘ப்’ என்று முடிந்தால்தான் சிக்கல். ‘மட்டக்’ உடைந்த துண்டு, ‘அந்தக்’ முழுச்சொல்லோடு சந்தி. இதைத் தீர்க்க வெளி அகராதி தேவையில்லை, அதே கோப்பே அகராதி. வரி நடுவில் வரும் சொற்களையெல்லாம் முதலில் ஒரு தொகுதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய வடிவமான ‘மட்டக்களப்பு’ அதில் இருந்தால் ஒட்டுங்கள். இல்லாமல், சந்தி மெய்யை நீக்கிய ‘அந்த’ இருந்தால் வெற்றிடம் விடுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு குறியைப் போட்டு மனிதர் பார்வைக்கு விட வேண்டும். உயிர்மெய்யில் முடியும் வரிக்கும் இதே வழிதான்: ‘படு’, ‘வான்கரை’ என்று உடைந்தது கோப்பில் வேறெங்காவது முழுதாக இருக்கும். எவ்வளவு பெரிய கோப்போ அவ்வளவு நன்றாக இது வேலை செய்யும். சிறு கோப்பு என்றால் அதே மலரின் மற்றப் பகுதிகளையும் சேர்த்துச் சொல் எடுங்கள்.

பந்தி நடுவே விழும் வெற்று வரி பெரும்பாலும் பக்கம் மாறிய இடம். முந்திய துண்டு முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, மேற்கோள், அடைப்புக்குறி எதிலும் முடியவில்லையென்றால் அடுத்த துண்டு அதன் தொடர்ச்சி. தலைப்பும் முற்றுப்புள்ளி இல்லாமல்தான் முடியும் என்பதால் குறுகிய ஒற்றை வரித் துண்டுகளை இந்த விதியிலிருந்து விலக்க வேண்டும். பக்க எண் மட்டும் உள்ள வரிகளைத் தனிப் படியாக, முன்னதாகவே நீக்குங்கள்.

எல்லா வரியும் ஒட்டத்தக்கதும் இல்லை. கூத்துப் பிரதியில் வசனம் பந்தி, அதை மடிக்கலாம். தருவும் விருத்தமும் பாட்டுகள், அடி அடியாக நிற்பவை. வடமோடிக் கூத்தானாலும் தென்மோடிக் கூத்தானாலும் அதைப் பழக்கும் அண்ணாவியார் அந்த அடியைப் பார்த்துத்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பார். அடி குலைந்த பிரதி கூத்துக் களரிக்கு உதவாது. கண்ணகி வழக்குரை, காவியம், கும்மிப் பாட்டு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். “வரி குறுகியிருந்தால் செய்யுள்” என்று நிரலை ஊகிக்கவிடலாம், ஆனால் வருடிய கோப்பில் வசனமும் குறுகிய வரியாகத்தான் இருக்கும். நான் ஊகத்தை நம்புவதில்லை. செய்யுள் தொடங்கும் இடத்தில் நெடுக்குக் கோடு ஒன்று, முடியும் இடத்தில் இன்னொன்று, இடையில் உள்ளதை நிரல் தொடாது. தரு, விருத்தம், கொச்சகம் என்ற தலைப்புச் சொற்களைக் கண்டதும் கோட்டை நிரலே போடட்டும், அடுத்த ‘வசனம்’ வரும்வரை நீடிக்கட்டும். பிறகு ஒருவர் கண்ணால் சரிபார்க்கலாம். கடிதத்தின் முகவரி, திகதி, கையொப்பப் பகுதிக்கும் இதே கோடு.

கூட்டறிக்கையின் எண்ணிட்ட தீர்மானங்களுக்குத் தொங்கும் உள்தள்ளல் வேண்டும். முதல் வரி “1. ” என்று தொடங்கும், தொடர்வரிகள் மூன்று இடம் உள்ளே தள்ளி நிற்கும். 10 முதல் நான்கு. டெக்ஸ்ட்ராப்பில் இதற்குத் தொடக்க உள்தள்ளல், தொடர் உள்தள்ளல் என இரண்டு தெரிவு இருக்கிறது. சொந்த நிரலிலும் அதே பெயரில் வைத்துக்கொள்ளலாம்.

சில சொற்கள் பிரியக் கூடாது: “ரூ. 1500”, “5 ஏக்கர்”, “க. பொ. த.”, முதலெழுத்தும் பெயரும். இவற்றுக்கு நடுவே சாதாரண வெற்றிடத்துக்குப் பதில் 160 என்ற பிரியா வெற்றிடம் வையுங்கள். இங்கே ஒரு பொறி. பைத்தானில் சொற்பிரிப்பை வெறுமனே அழைத்தால் பிரியா வெற்றிடத்திலும் பிரித்துவிடும், கட்டியது அவிழ்ந்துபோகும். சாதாரண வெற்றிடம், தாவல், வரிமுறிவு மூன்றில் மட்டும் பிரி என்று வடிவத்தேடலில் சொல்ல வேண்டும். முற்றுப்புள்ளிக்கு முன் வெற்றிடம் அடிக்கும் பழக்கம் பரவலாக இருப்பதால், அதையும் மடிப்பதற்கு முன் நீக்காவிட்டால் தனிப்புள்ளி வரித் தலையில் வந்து உட்காரும்.

முடிந்ததும் இரண்டு சோதனை. உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் வெற்றிடம், வரிமுறிவு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். குறியீடு சீராக்கி, திருத்தங்களும் செய்து முடித்த நிலையில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிரல் எங்கோ எழுத்தை விழுங்கியிருக்கிறது. மற்றது, மடித்த கோப்பை அதே அகலத்தில் மறுபடி மடியுங்கள், எதுவும் மாறக் கூடாது. மாறினால் பெரும்பாலும் பந்தி எல்லையில் பிழை, அல்லது கோட்டுக்குள் இருக்க வேண்டிய செய்யுள் வெளியே இருக்கிறது. விண்டோஸின் கறுப்புத் திரையில் தமிழ் கோணல்மாணலாகத் தெரிந்தால் பதற வேண்டாம், கோப்பை நோட்பேட்டில் திறந்து பாருங்கள்.

மூலக் கோப்பை மடிக்காமல், பந்திக்கு ஒரு வரியாகவே வைத்திருப்பதை வலியுறுத்திச் சொல்வேன். மடிப்பு, கோப்பு வெளியே போகும்போது மட்டும். வரிமுறிவு போட்டு மடித்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போன் திரை தன் அகலத்துக்கு மறுபடி உடைக்கும், ஒரு முழு வரி, ஒரு அரை வரி என்று படிக்கவே சலிப்பாகும். அங்கே மடிக்காத பந்தியை அனுப்புங்கள். மரண அறிவித்தல் போன்றவற்றைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் சங்கங்களுக்கு மட்டும் கணக்கு வேறு: தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடு, நீண்டு பல பகுதியானால் பகுதிக்கு 67. அங்கே காணும் எழுத்தை எண்ணாமல் பைத்தானின் சாதாரண நீளத்தையே எடுங்கள். என்எஃப்சி சீராக்கம் செய்துவிட்டு எண்ணினால் பிரிந்து கிடந்த ஒவ்வொரு ‘கொ’, ‘சோ’ எழுத்துக்கும் ஒரு குறியீடு மிச்சமாகும்.